குடிக்கிற தண்ணீரில் கடல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். நாங்களும் இங்கே அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அதை எழுதிவிட்டால் மீதி எதையும் எழுத முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தங்கை உயிரோடு இருக்கிறாள், அவள் பெற்ற குழந்தையும் இந்த நிமிஷம் வரை இருக்கிறது, பெண் குழந்தை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவள் நிற்கும்போது என்னால் பாதி உண்மைக்கு மேல் பேச முடிவதில்லை. அவளும் வாரா வாரம் உன்னிடம், நாங்க நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியா என்று கேட்கிறாள், நீயும் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்தப் பேச்சில் எங்கள் தெருவில் நிற்கிற தண்ணீர் ஒரு சொட்டுகூட உன் காதுக்கு வந்திருக்காது.

நீ கடைசியாக வந்திருந்தபோது மழைக்காலத்தில் மட்டும்தான் தெருவில் தண்ணீர் தேங்கும். இப்போது மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேகம் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் கடல் ஏறுகிற நேரத்துக்குச் சாக்கடை மூடி தானாக ஆட ஆரம்பிக்கும், அப்புறம் ஓரமாகக் குமிழி விடும், அப்புறம் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட குழாய் வழியாகவே கடல் வீட்டுக்கு வருகிறது. கரையில் கல்லைக் கொட்டி ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள், கடல் அதை ஏறிக் குதிக்கவே இல்லை, அடியில் புகுந்து வந்துவிட்டது. கடல் பார்த்த வீடு வேண்டும் என்று உன் அம்மா கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டாள், இப்போது கடலே நம் வீட்டைப் பார்க்க வருகிறது என்று அவளைக் கேலி செய்தேன், அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டு வாத்தியார்தான் விவரமாகச் சொன்னார். பூமி சூடாகிக்கொண்டு வருது, எங்கேயோ இருக்கிற பனிமலையெல்லாம் உருகுது, கடல் மட்டம் ஏறிக்கிட்டே போகுது, இது இறங்குற தண்ணி இல்லீங்க என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆயுசு முழுக்க ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் ஓட்டினவன் நான், எங்கேயோ இருக்கிற ஐஸ் உருகி என் வீட்டு வாசலுக்கு வருகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். வாடகைக்குக்கூட யாரும் கேட்டு வரவில்லை, பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும், ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்ன வயதில் நீ வந்து பார்த்திருக்கிறாயே, பெரிய தொட்டியில் உப்புக் கரைசல் குளிர்ந்து கிடக்கும், அதற்குள் தகர டின்களை இறக்கி நல்ல தண்ணீரை ஊற்றுவோம், உப்புத் தண்ணீர் உறையாது, அதன் குளிரில் உள்ளே இருக்கிற நல்ல தண்ணீர் உறைந்து பாளமாக வரும். போன வருஷத்திலிருந்து பாளம் சரியாக வரவில்லை. வெளியே கெட்டியாக இருக்கிறது, நடுவில் நொளநொளவென்று வெள்ளையாக, கொக்கியைப் போட்டு இழுத்தால் இரண்டாக உடைகிறது. மிஷினில் கோளாறு என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். கோளாறு மிஷினில் இல்லை, எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது. தொட்டியில் இருக்க வேண்டிய உப்பு டின்னுக்குள்ளேயே வந்துவிட்டது. படகுக்காரர்கள் கரைக்குத் திரும்புவதற்குள் ஐஸ் எல்லாம் தண்ணீராகிறது என்று சண்டைக்கு வந்தார்கள், முதலாளி கம்ப்ரஸரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஃபேக்டரிக் கிணறு போன சில மாதத்தில் தெருவிலிருந்த கை பம்பு போயிற்று, அப்புறம் நம் வீட்டுக் கிணறு. சமையலில் உப்பு டப்பாவைத் தொடுவதையே உன் அம்மா விட்டுவிட்டாள், தொட வேண்டிய அவசியமே இல்லை. துணி துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போகிறது.

முன்பு கோடையில் மட்டும் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தண்ணி வண்டிதான் அதற்குப் பிறகு எங்கள் பேட்டைக்கு எல்லாமே. அந்தச் சண்டைக்குப் பிறகு உனக்கு அவர் பேரைச் சொன்னால் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இந்தக் கடிதத்தில் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. மேட்டுப் பக்கத்து நீரேற்று நிலையத்தில் டேங்கர் லாரியை நிரப்பி, உப்புத் தண்ணீரில் சக்கரம் பாதி முங்க ஓட்டிக்கொண்டு வருவார். வீட்டுக்கு இரண்டு குடம், அது யாராக இருந்தாலும் இரண்டு குடம். தன் வீட்டுக்கும் அதேதான். அவர் வீட்டில் நாங்களும் சேர்ந்து நான்கு பேர், அதில் சின்னவள், உன் தங்கை, பிள்ளைத்தாய்ச்சி. நம் வீட்டுத் தரையில் ஈரம் ஏறியதிலிருந்து பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் நாங்கள் சமைத்துச் சாப்பிடுகிறோம், அங்கே தரை ஒரு படி உயரம். ஒருநாள் நான் மெதுவாகச் சொன்னேன், சின்னவளுக்காக ஒரு கேன் தனியாக எடுத்து வைங்களேன் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டே, மாமா, நான் என் வீட்டுக்கு ஒரு சொம்பு கூடுதலா இறக்கினாலும் நாளைக்கு இந்தத் தெரு என் வண்டியை நம்பாது, அப்புறம் அடிச்சுப் பிடிச்சு யாருக்குமே கிடைக்காது என்றார். கோபம் வந்தது. அந்த இரண்டு குடத்தைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சமைப்பதற்கெல்லாம் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினோம். வண்டி வராத நாளில் குடிப்பதற்கும் அதுதான். காய்ச்சினால் போதும் என்று நினைத்தோம், காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்.

உன் தங்கை வேலை பார்க்கிற மருந்துக்கடையில் இப்போது அதிகமாகப் போகிற சரக்கே பிரஷர் மாத்திரைதான் என்று அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள், நம்ம தெருவில பாதிப் பேருக்கு என் கையாலதான்பா மாத்திரை என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் அவள் கால் வீங்கியது, செருப்பு ஏறவில்லை. அம்மா விரலால் அழுத்தினால் அழுத்தின இடத்தில் குழி அப்படியே நின்றது. கிளினிக்கில் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தண்ணி குடிக்கறீங்க. சொன்னோம். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, உங்க பக்கத்திலிருந்து வர்ற பிள்ளைத்தாய்ச்சிங்க எல்லாருக்கும் இதேதான், என்னால மாத்திரை எழுத முடியும், தண்ணியை எழுதித் தர முடியாது, இவளை நல்ல தண்ணி இருக்கிற ஊருக்கு உடனே கூட்டிக்கிட்டுப் போயிடுங்க என்றார். வெளியே வந்ததும் உன் அம்மா உன் பேரைத்தான் எடுத்தாள். சின்னவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவ்வளவு பேச்சுப் பேசிட்டுப் போனவர் வீட்டுக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு நான் போய் நிக்கணுமா என்றாள். அவள் உன்னை மாதிரிதான், இரண்டு பேரும் என் பிடிவாதத்தை விட்டுவிட்டு உன் அம்மாவின் பிடிவாதத்தைக் கொண்டு பிறந்தவர்கள்.

அந்த வாரமே மாப்பிள்ளை தன் விரதத்தை விட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு கேனை ஒளித்துவைத்துக் கொண்டுவந்து, துண்டைப் போர்த்தி, பின்வாசல் வழியாக உள்ளே வைத்தார். அவர் திருடி நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அவர் முகம் திருடன் முகம் மாதிரியே இருந்தது. பின்வாசலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு பக்கத்து வீட்டுக்கு வந்தவள், தையல் மிஷினை மேஜைமேல் மேஜை போட்டு ஏற்றிவைத்து நின்றுகொண்டே தைப்பாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சி, நம் பெண்ணைவிட இரண்டு மாதம் பின்னால். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேனைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், நம் பெண் அந்தக் கேனைத் தொடவில்லை. பாதியை ஒரு குடத்தில் ஊற்றி உன் அம்மாவிடம் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் ஒரு டம்ளர் குடித்தாள். ஏண்டி, உனக்கே போதலையே என்று அம்மா கேட்டதற்கு, அவளுக்கு மாத்திரை கொடுக்கிறதும் நான்தானேம்மா, எனக்குத் தெரியாதா என்றாள். அதற்கப்புறம் மாப்பிள்ளை கேன் கொண்டுவரவில்லை, அவள்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். நல்ல மனதைப் பார்த்து சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை. அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் இத்தனை சுற்று சுற்றி வருகிறேன். காலையிலிருந்தே சின்னவள் தலைவலி என்றாள், கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதும்மா என்றாள். கடல் ஏறுகிற நாள், தெருவில் தொடை வரைக்கும் தண்ணீர், வெயில் அதன்மேல் பட்டுச் சுவரெல்லாம் பளபளவென்று ஆடுகிறது. உச்சி வெயிலில் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கண் மேலே செருகிவிட்டது, பல் கிட்டிவிட்டது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. உன் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம், பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி இறங்காது, நீங்க அதுவரை கொண்டாந்துடுங்க என்றார்கள். எதில் கொண்டுபோவது. அந்த நேரத்துக்குத் தெருக்கோடியில் தண்ணி வண்டியின் ஹாரன் கேட்டது. நான் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை வீட்டு வாசல் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அவளைப் படுக்கவைத்து, தலையை அம்மா மடியில் வைத்து, கதவு மூடவில்லை என்பதால் நான் படியில் தொற்றிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனையில் நூறு குடங்கள் நின்றன. பல நாளாக வண்டி வந்திருக்கவில்லை, அதை நீ நினைவில் வைத்துக்கொண்டு படி, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நிரம்பிய வண்டி நிற்காமல் திரும்பிப் போவதைப் பார்த்தார்கள், வேறு தெருவுக்குக் கொண்டுபோகிறான் என்று நினைத்தார்கள். முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். யாரோ கதவில் குடத்தால் இடித்தார்கள், ஒரு கல் வந்து முன்கண்ணாடியில் விழுந்து கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிந்தது. நான் படியில் நின்று கும்பிட்டேன், என்னோடு சீட்டு விளையாடின ஆட்கள், என் ஐஸை வாங்கினவர்கள், ஒருத்தருக்கும் என் குரல் ஏறவில்லை. எங்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தண்ணி வேண்டாமா என்று ஒருவர் கத்தினார், அவர் பேரனுக்கு நான் ஐஸ்துண்டு கொடுத்திருக்கிறேன். அப்போது தையல்காரம்மா அந்தத் தண்ணீருக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னைத் தள்ளிவிட்டுப் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பினாள். உள்ளே அந்தப் பொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்குது, குடத்தைத் தூக்குங்க என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வழி பிளந்தது. பள்ளமான இடத்தில் எஞ்சின் திணறியபோது, கல்லை எறிந்தவர்களும் சேர்ந்துதான் பின்னாலிருந்து தள்ளினார்கள். மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டி, பின்னாடி குழாயைத் திறந்துவிடுங்க, வண்டி நிக்காது, பிடிக்கிறவங்க பிடிச்சுக்கோங்க என்று கத்தினார். திறந்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வண்டி போகப் போகப் பின்னால் குடத்தோடு ஓடிவருகிறார்கள், தடுக்கி விழுகிறார்கள், குடத்துக்குள் போனது கொஞ்சம், மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று கொட்டி அந்தக் கடல் தண்ணீரோடு கலந்து போயிற்று. அவ்வளவு பேர் தாகமும் என் கண்ணெதிரே கொட்டிப்போயிற்று, நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாலத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, அவளை அதில் மாற்றி மேட்டு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோல் வழியாக உள்ளே ஓடுவதெல்லாம் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து மேலே விளக்கைப் போட்டு, எந்நேரமும் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். குளிர் இறங்குகிறதா என்று ஆயுசு முழுக்க மீட்டரைப் பார்த்தவன், இப்போது சூடு ஏறுகிறதா என்று ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிழைச்சிடுமா என்று இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். இன்னைக்குக் கேக்காதீங்க, நாளைக்குக் கேளுங்க என்றார். மறுநாள் கேட்டேன், நாளைக்குக் கேளுங்க என்றார். இப்போதும் தினமும் அதையேதான் கேட்கிறேன், அவரும் அதையேதான் சொல்கிறார், அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவதுபோல் எனக்குத் தோன்றுகிறது, அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. சின்னவளுக்கு மறுநாள் சாயங்காலம்தான் நினைவு வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை, யாரு யாரு என்று தடவித் தடவிப் பார்த்தாள், வரவரச் சரியாகும் என்கிறார்கள், இப்போது என் சட்டை நிறம் சொல்கிறாள். அம்மா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போட்டியாம்மா, இனிக்குதே என்றாள். வெறும் தண்ணீர்டா அது. ஆஸ்பத்திரிக் குழாயில் பிடித்த வெறும் தண்ணீர். அம்மா ஸ்பூனை வைத்துவிட்டு வெளியே வந்து, இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து அழுதாள்.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது, நீயாகச் சொல்லிவிடாதே. மாற்றுத் துணி எடுத்துவர நான் மட்டும் ஒருநாள் வீட்டுக்குப் போனேன். நம் வீட்டுச் சமையலறைச் சுவர் விழுந்துவிட்டது. அடியில் மண்ணை அரித்து அரித்து ஒரேயடியாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அலமாரியும் பாத்திரமும் அதோடு போயிற்று. அடுப்பு இருந்த இடத்திலிருந்து நேராகக் கடல் தெரிகிறது. கூடத்தில் கணுக்கால் தண்ணீர், அதில் விரல்நீள மீன்கள் கட்டில் காலைச் சுற்றி ஓடுகின்றன, அவை பாட்டுக்கு அவை வீட்டில் இருப்பதுபோல் இருக்கின்றன, நான்தான் அந்நியன் மாதிரி வாசலில் நின்றேன். துணியை எடுத்துக்கொண்டு வந்து, வீடு எப்படி இருக்கு என்று உன் அம்மா கேட்டதற்கு, அப்படியேதான் இருக்கு என்றேன். சின்னவளோடு ஒரு மாசம் எங்கேயாவது போயிருந்துட்டு வந்திடலாம், அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும் என்று அவள் கணக்குப் போடுகிறாள். நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். அன்றைக்கு நம் வீட்டில் நடந்த சண்டை எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. எல்லாத்தையும் வித்துட்டு என் கூட வாங்க என்று நீ சொன்னாய். பயந்தவங்க ஓடிப்போகலாம், இருக்கிறவங்களுக்கு யார் தண்ணி கொண்டாருவா என்று அவர் சொன்னார். அப்போ எல்லாரும் முங்கிச் சாவுங்க என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். நீ சொன்னது சரி, அவர் சொன்னதும் சரி, இரண்டு சரியும் சேர்ந்து இந்தக் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டது. நேற்று அவர் வந்திருந்தார். வந்தவர் உள்ளே போகாமல் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடைந்த கண்ணாடியோடுதான் இன்னும் வண்டி ஓட்டுகிறார், பிரேக்கெல்லாம் உப்பு தின்றுவிட்டது, கியரைப் போட்டுத்தான் நிறுத்துகிறேன் என்றார். அப்புறம், மாமா, மச்சானுக்கு எழுதுங்க என்றார். என்னைக் கூப்பிட வேண்டாம், நான் கேக்கலை, எனக்குக் கேக்க வாயும் இல்லை, இவளையும் குழந்தையையும் மட்டும் கூப்பிடச் சொல்லுங்க, அவர் கூப்பிட்டா இவ போவா, நான் சொன்னா போக மாட்டா என்றார். நீங்களும் வாங்களேன் என்றேன். தையல்காரம்மாவுக்கு மாசம் ஏறிக்கிட்டு வருது மாமா, அன்னைக்கு அவங்க வழி வாங்கித் தரலைன்னா, என்று ஆரம்பித்து முடிக்கவில்லை, எழுந்து போய்விட்டார். அவரைத் திட்டவும் முடியவில்லை, வா என்று இழுக்கவும் முடியவில்லை. தையல்காரம்மாவை யார் எந்த ஊருக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தெருவில் கூப்பிட ஆள் இருக்கிறவர்கள் போய்விட்டார்கள், மற்றவர்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன், மகனே. உன் வீடு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான் என்று எனக்குத் தெரியும், மருமகள் வேலைக்குப் போய்வந்து இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பதே பெரிய பாடு என்றும் தெரியும். எனக்கு இடம் கேட்கவில்லை, நான் மாப்பிள்ளைக்குத் துணையாக ஃபேக்டரி மாடி அறையில் இருந்துகொள்வேன், அங்கே இன்னும் தண்ணீர் ஏறவில்லை, வண்டிக்குப் பிரேக்காவது பார்த்துக் கொடுப்பேன். உன் அம்மாவுக்கும் தங்கைக்கும் அந்தச் சின்ன உயிருக்கும்தான் கேட்கிறேன். மருமகளிடம் நீ சொல்லாதே, இந்தக் கடிதத்தையே அவளிடம் படிக்கக் கொடு, அவள் என்னைப் புரிந்துகொள்வாள். தங்கைக்கு நீயே போன் செய். பழசைப் பேசாதே, மன்னிப்பு என்று நீயும் கேட்காதே, அவளையும் கேட்கவைக்காதே, கிளம்பி வா என்று மட்டும் சொல். அவள் முதலில் வைத்துவிடுவாள், மறுபடியும் போடு. மறுபடியும் வைப்பாள், மறுபடியும் போடு. நான் உன்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை, கேட்கும்போது எப்படி உட்கார வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, பெஞ்சில் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பல்லில்லாமல் ஒரு போட்டோ எடுத்து வை. பேத்தியைக் குளிரில் வெறும் காலோடு விடாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் நால்வருக்கும் நோய்நொடி அண்டாமல், எந்நாளும் உங்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வர வேண்டும், வேறு எப்படி வாழ்த்துவது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இன்று காலை நர்சம்மா பெரிய ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து குழந்தையை எந்த விலாசத்துக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டார். எங்கள் தெருப் பேரைச் சொன்னேன். பேனாவை எடுக்கவே இல்லை, அந்தத் தெருன்னா பெட்டியிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்க விடமாட்டாங்கய்யா, வேற விலாசம் இருந்தா சொல்லுங்க என்றார். நான் உன்னைக் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை, உன் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டேன். உன் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போவாராம், எந்த நாள் என்று சொல்லவில்லை. யார் வந்து கதவைத் தட்டினாலும், நீ இல்லாவிட்டால் மருமகளாவது, ஆமாம், எங்கள் வீட்டுக் குழந்தைதான் என்று சொல்லிவிடுங்கள்.

உன் பதிலுக்காக ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்,
உன் அப்பா.